எந்தத் தடையைச் சிரித்துக் கடக்கிறோம்?

1955ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு ‘மிஸ்ஸியம்மா’ திரைக்கு வந்தது. விஜயா நிறுவனத்துக்காக எல்.வி. பிரசாத் தமிழிலும் தெலுங்கிலும் ஒருசேர இயக்கிய படம். ஜமீன்தார் ஒருவர் தம் ஊர்ப் பள்ளிக்குத் திருமணமான பட்டதாரித் தம்பதிதான் ஆசிரியர்களாக வரவேண்டும் என்கிறார். வேலையில்லாமல் திண்டாடும் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் கணவன் மனைவியாக நடித்து அந்த வேலையில் சேர்கிறார்கள். அவன் பாலு என்ற இந்து. அவள் மேரி என்ற கிறிஸ்தவப் பெண். ஒரே வீட்டில் குடியிருந்துகொண்டு இருவரும் போடும் சண்டையும், படும் பொறாமையும், மெல்ல மெல்லக் கனியும் அன்பும்தான் படம். கடைசியில் மதம் குறுக்கே நிற்கிறது. அதைக் கடக்கப் படம் ஒரு வழி வைத்திருக்கிறது. மேரி, அந்த ஜமீன்தார் சிறுவயதில் தொலைத்துவிட்ட மூத்த மகள் மகாலட்சுமி என்று தெரியவருகிறது. வளர்ப்பால்தான் அவள் கிறிஸ்தவள், பிறப்பால் இந்து. இனி மறுப்புச் சொல்ல யாருமில்லை.

அதே ஜனவரி மாதம் முதல் தேதியன்றுதான் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்து ஆணும் கிறிஸ்தவப் பெண்ணும் தத்தம் மதத்தை விட்டுவிடாமலேயே பதிவு செய்து மணந்துகொள்ள அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. சட்டம் கதவைத் திறந்துவிட்ட அதே மாதத்தில், சிரிப்புக்குப் பேர்போன ஒரு படம் அந்தக் கதவு வழியாகப் போகத் துணியவில்லை. மேரி மேரியாகவே இருந்து பாலுவை மணந்திருக்கலாம். அப்படி ஒரு முடிவைப் பார்த்துவிட்டு மகிழ்ச்சியோடு வீடு திரும்பும் பார்வையாளர்கள் இன்னும் உருவாகவில்லை என்று படத்தை எடுத்தவர்கள் கருதியிருக்க வேண்டும்.

காதல் நகைச்சுவை என்ற கதைவகையைப் புரிந்துகொள்ள இந்த இடமே சரியான நுழைவாயில். பொழுதுபோக்கு என்று சொல்லி ஆய்வாளர்கள் எளிதில் ஒதுக்கிவிடும் வகை இது. துன்பியலுக்குக் கிடைக்கும் மரியாதை இதற்குக் கிடைப்பதில்லை. ஆனால் ஒரு சமூகம் எதைக் கடந்துவர ஆயத்தமாக இருக்கிறது, எதைப் பற்றிப் பேசவே அஞ்சுகிறது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் கதைவகை வேறில்லை. ஒவ்வொரு காதல் நகைச்சுவையும் ஒரு தடையைத் தேர்ந்தெடுக்கிறது. சிரித்துக் கரைக்கலாம் என்று அந்தக் காலத்து மக்கள் நம்பிய தடைதான் கதைக்குள் வருகிறது. கரையாது என்று நினைத்த தடைகள் வெளியே நின்றுவிடுகின்றன. ஆகவே, படத்தில் என்ன இருக்கிறது என்பதோடு, என்ன இல்லை என்பதையும் சேர்த்துத்தான் இவற்றைப் படிக்க வேண்டும்.

தடுப்பவரே நாயகர்

இந்த வகையின் எலும்புக்கூடு மிகப் பழையது. கி.மு. 316இல் ஏதென்ஸில் நடந்த லெனையா விழாவில் கிரேக்க நாடகாசிரியர் மெனாண்டரின் ‘டிஸ்கோலோஸ்’ நாடகம் முதற்பரிசு பெற்றது. எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் சுவடியிலிருந்து 1958இல் அது அச்சேறியது. மெனாண்டரின் நாடகங்களில் ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்திருப்பது இது ஒன்றுதான். பணக்கார வீட்டு இளைஞன் சோஸ்ட்ராடோஸ், ஊரோடு ஒட்டாத கிழவர் நேமோனின் மகளை விரும்புகிறான். கிழவருக்கு மனிதர்கள் என்றாலே ஆகாது. வாசலுக்கு வந்தவர்களை எல்லாம் அடித்து விரட்டுகிறார். ஒருநாள் கிணற்றில் விழுந்துவிடுகிறார். அவரைத் தூக்கிவிடப் பிறர் கை தேவைப்படுகிறது. எவரும் தேவையில்லை என்று வாழ்ந்தது தவறு என உணர்ந்து, மகளின் வாழ்வைத் தீர்மானிக்கும் பொறுப்பை மனைவியின் முந்தைய மணத்து மகனிடம் ஒப்படைக்கிறார். நாடகம் இரட்டைத் திருமணத்தில் முடிகிறது. விருந்துக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் கிழவரையும் விடுவதில்லை. தூக்கிக்கொண்டுபோய் ஆட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள்.

கனடிய விமர்சகர் நார்த்ராப் ஃப்ரை 1957இல் வெளியிட்ட ‘விமர்சனத்தின் உடற்கூறு’ என்ற பொருள்படும் நூலில் இந்த எலும்புக்கூட்டைத் தெளிவாக வரைந்து காட்டினார். இளைஞன் ஒருவன் ஒரு பெண்ணை விரும்புகிறான். பெரும்பாலும் ஒரு தந்தை தடுக்கிறார். முடிவை நெருங்கும்போது ஒரு திருப்பம் தடையை நீக்குகிறது. காதலர்களைச் சுற்றிப் புதிய சமூகம் ஒன்று கூடுகிறது. அவர் கவனித்தவற்றுள் இரண்டு நமக்கு முக்கியம். முதலாவது, இக்கதைகளில் காதலர்களைவிடத் தடுப்பவர்தான் சுவையானவர். இரண்டாவது, நகைச்சுவை தன் முடிவில் முடிந்தவரை எல்லாரையும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறது. தடுத்தவரைத் தண்டித்து ஒதுக்குவதைவிட, மனம் மாற்றிப் பந்தியில் உட்காரவைப்பதே அதற்கு உகந்தது.

மேரி மகாலட்சுமியாக மாறும் உத்தியும் இந்தப் பழைய மரபிலிருந்தே வருகிறது. ரோமானிய நாடகாசிரியர் டெரன்ஸ் கி.மு. 166இல் அரங்கேற்றிய ‘ஆண்ட்ரியா’வில், நாயகன் விரும்பும் பெண் ஏதென்ஸின் குடிமகளல்ல என்பதால் திருமணம் கூடாது. கடைசியில் அவள் பக்கத்து வீட்டுப் பெரியவரின் தொலைந்துபோன மகள் என்று தெரியவருகிறது. கதை நடக்கும் ஏதென்ஸில் இதற்குச் சட்டரீதியான காரணம் இருந்தது. பெரிக்ளீஸ் கி.மு. 451இல் கொண்டுவந்த சட்டப்படி, தாய் தந்தை இருவருமே குடிமக்களாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு. பெண்ணின் பிறப்பு தெளிவானால்தான் கதை நகர முடியும். காளிதாசனின் ‘மாளவிகாக்னிமித்திர’த்திலும் இதே உத்தி இருக்கிறது. அரண்மனையில் பணிப்பெண்ணாக இருக்கும் மாளவிகையை மன்னன் அக்னிமித்திரன் விரும்புகிறான். சிறைப்பட்ட அவளை மீட்க, பாம்பு கடித்துவிட்டதாக நடித்து அரசியின் மோதிரத்தைப் பறிக்கிறான் விதூஷகன். இறுதியில் மாளவிகை விதர்ப்ப நாட்டு இளவரசி என்று தெரியவருகிறது. மூன்று கதைகளிலும் காதல் ஒரு எல்லையை மீறுவதுபோல் தோன்றுகிறது. முடிவில், அந்த எல்லை மீறப்படவே இல்லை என்ற ஆறுதல் பார்வையாளருக்குக் கிடைக்கிறது. ஏதென்ஸின் கதைக்குச் சட்டத்தின் கட்டாயம் இருந்தது. 1955இன் கதைக்கு அந்தக் கட்டாயமும் இல்லை.

தாயிடம் சொன்ன பொய்

தமிழ் அகமரபில் இந்த வகையின் வித்துகள் ஏராளம். தோழி, செவிலி, ஊரார் தூற்றும் அலர், இரவில் விழித்திருக்கும் தாய், குரைக்கும் நாய், காவல் மிக்க வீடு என்று களவுக்காதலின் உலகமே தடைகளால் ஆனது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்தும்போது நகையை முதலில் வைக்கிறது. அந்த நகைக்கும் காதலுக்கும் உள்ள உறவைக் கலித்தொகையின் 51ஆம் பாடலில் முழுமையாகப் பார்க்கலாம். குறிஞ்சிக்கலியில் கபிலர் பாடியது.

தலைவி தோழியிடம் சொல்கிறாள். சின்ன வயதில் நாம் தெருவில் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைத்தானே, கூந்தலில் சூடிய மாலையை அறுத்தானே, வரிப்பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினானே, அந்தப் பட்டிப்பயல், முன்பொரு நாள் அம்மாவும் நானும் வீட்டில் இருந்தபோது வந்து தண்ணீர் கேட்டான். பொற்கலத்தில் கொண்டுபோய்க் கொடு என்று அம்மா அனுப்பினாள். கொண்டுபோன என் முன்கையைப் பற்றிவிட்டான். ‘அம்மா, இவன் செய்ததைப் பார்’ என்று கத்திவிட்டேன். அம்மா பதறி ஓடிவந்தாள். நான் சொன்னேன், தண்ணீர் குடிக்கும்போது விக்கிக்கொண்டான் என்று. அம்மா அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவனோ கடைக்கண்ணால் என்னைக் கொல்வதுபோல் பார்த்துச் சிரித்தான், அந்தக் கள்வன் மகன்.

பாட்டின் உயிர் அந்தப் பொய்யில் இருக்கிறது. கையைப் பற்றியது அவன் துணிச்சல். ஆனால் அதைக் காதலாக்கியது அவள் முடிவு. கத்தியதும் அவள்தான், காப்பாற்றியதும் அவள்தான். உண்மையைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்து அவன் அடிவாங்கியிருப்பான். பொய் சொன்ன கணத்தில் அவர்கள் இருவரும் ஒரு பக்கம், தாய் மறுபக்கம் என்று உலகம் பிரிகிறது. அந்தத் தாயே ஒன்றும் அறியாமல் அவன் முதுகை நீவிக்கொண்டிருக்கிறாள். காவல் காக்க வேண்டியவர் கையாலேயே கள்வனுக்கு உபசாரம். ஆள்மாறாட்டம், பொய்த்தந்தை, பொய்க்கணவன் என்று பின்னால் வந்த அத்தனை உத்திகளுக்கும் அடிப்படையான இன்பம் இதுதான். இருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் ஒன்று, அதிகாரம் உள்ளவரின் கண்ணெதிரேயே நடக்கிறது.

காதலருக்குள்ளேயே தடை

தந்தையும் சட்டமும் வெளியிலிருந்து தடுத்த கதையை ஷேக்ஸ்பியரும் எழுதினார். ‘நடுவேனிற் கனவு’ என்று நமக்கு அறிமுகமான நாடகத்தில், தாம் காட்டிய மாப்பிள்ளையை மகள் மணக்க மறுத்தால் அவளைக் கொல்ல ஏதென்ஸின் சட்டம் தமக்கு உரிமை தருகிறது என்று வாதிடுகிறார் ஒரு தந்தை. காதலர்கள் காட்டுக்குள் ஓடுகிறார்கள். ஆனால் சில ஆண்டுகளில் அவர் எழுதிய ‘மச் அடூ அபவுட் நத்திங்’ வேறொரு வாசலைத் திறந்தது. அதில் பியாட்ரிஸ், பெனடிக் இருவரும் சேரக் கூடாது என்று எவரும் தடுக்கவில்லை. காதலே வேண்டாம் என்று இருவரும் ஊரறியச் சொல்லிவிட்டார்கள், அதுதான் தடை. நண்பர்கள் சேர்ந்து, ஒருவர் மற்றவருக்காக உருகுவதாக ஒட்டுக்கேட்கும்படி பேசி, இருவரின் வீம்பையும் கரைக்கிறார்கள். 1813இல் வெளியான ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவல் இந்த உள்தடையை மேலும் ஆழப்படுத்தியது.

திரையில் இந்த இரண்டு தடைகளும் ஒன்றாகச் சந்தித்த படம் 1934 பிப்ரவரியில் வந்த ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’. ஃபிராங்க் காப்ரா இயக்கினார். கிளார்க் கேபிளும் கிளாடெட் கோல்பெர்ட்டும் நடித்தார்கள். சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என ஆஸ்கரின் ஐந்து முதன்மை விருதுகளையும் வென்ற முதல் படம் அது. தந்தையின் எதிர்ப்பை மீறி ஒருவனை மணந்துகொண்ட கோடீஸ்வரர் மகள், அவனிடம் போய்ச் சேர்வதற்காகத் தந்தையிடமிருந்து தப்பி மயாமியிலிருந்து நியூயார்க் செல்லும் இரவுப் பேருந்தில் ஏறுகிறாள். பக்கத்து இருக்கையில் வேலை போன பத்திரிகையாளன். வழியில் கணவன் மனைவியாக நடித்து ஒரே அறையில் தங்க நேர்கிறது. இடையில் கயிறு கட்டி ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, அதற்கு ஜெரிக்கோ மதில் என்று பெயர் வைக்கிறான் அவன். அமெரிக்காவில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லாதிருந்த பெருமந்தக் காலம் அது. மகளைக் கண்டுபிடித்துத் தருபவருக்குத் தந்தை அறிவித்த பரிசு 10,000 டாலர். பத்திரிகையாளன் அந்தப் பரிசை வேண்டாமென்று சொல்லி, வழிச்செலவு 39 டாலர் 60 சென்ட் மட்டும் கேட்கிறான். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் அவன் மனதைத் தந்தை புரிந்துகொள்கிறார். முன்பு மணந்தவனோடு முறைப்படி நடக்கவிருக்கும் திருமணச் சடங்குக்கு மகளைக் கையைப் பிடித்து அழைத்துப்போகும்போதே, ஓடிவிடு என்று காதோடு சொல்பவரும் அவரே. தடுத்தவர் துணைவராகிறார்.

அதே ஆண்டு ஜூலை முதல் ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் கடுமையாக நடைமுறைக்கு வந்தன. உடலைக் காட்ட முடியாத இடத்தைப் பேச்சு நிரப்பியது. ‘தி ஆஃபுல் ட்ரூத்’ (1937), ‘பிரிங்கிங் அப் பேபி’ (1938), ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’ (1940), ‘தி லேடி ஈவ்’ (1941) போன்ற படங்களில் ஆணும் பெண்ணும் மூச்சுவிடாமல் பேசுகிறார்கள், ஒருவரை ஒருவர் மடக்குகிறார்கள், தோற்கிறார்கள், மீண்டும் மோதுகிறார்கள். தத்துவ அறிஞர் ஸ்டான்லி காவெல் 1981இல் எழுதிய நூலில் இக்காலத்தின் ஏழு படங்களை எடுத்து, இவை மறுமணத்தின் நகைச்சுவைகள் என்றார். பிரிந்த இணை மறுபடி சேர்வதுதான் இவற்றின் கேள்வி. பெற்றோர் சம்மதிப்பார்களா என்பது பின்னுக்குப் போய், இந்த இருவரால் வாழ்நாள் முழுவதும் பேசிக்கொண்டிருக்க முடியுமா என்பது முன்னே வந்தது. 1989இல் நோரா எஃப்ரான் எழுத, ராப் ரைனர் இயக்கிய ‘வென் ஹாரி மெட் சாலி’யில் தந்தையும் இல்லை, பணமும் இல்லை, சட்டமும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுப் பழக்கத்தில் விளைந்த நட்பே அங்கே தடை.

இங்கே ஓர் ஒற்றுமை கண்ணில் படுகிறது. வேலையின்மை, கணவன் மனைவி நடிப்பு, ஒரே கூரையின் கீழ் இரண்டு தனிப் படுக்கைகள் ஆகியவை 1934இன் அமெரிக்கப் படத்திலும் 1955இன் ‘மிஸ்ஸியம்மா’விலும் இருக்கின்றன. பிழைப்பு நெருக்கடிதான் அறிமுகமற்ற ஆணையும் பெண்ணையும் ஓரிடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. பிற்காலத் தமிழ்ப் படங்களிலும் இந்த இழை தொடர்கிறது. ‘தில்லு முல்லு’வில் (1981) வேலைக்காக ரஜினிகாந்த் ஏற்கும் இரட்டை வேடம், முதலாளியாகவும் பெண்ணின் தந்தையாகவும் இருக்கும் தேங்காய் சீனிவாசனை ஏமாற்றுகிறது. ‘பாஸ் என்கிற பாஸ்கரன்’ (2010) நாயகனுக்கு வேலையே இல்லை; சொந்தக் காலில் நின்று காட்டினால்தான் பெண் கிடைப்பாள்.

பாலையாவின் எஸ்டேட்

தமிழில் இந்தக் கதைவகை முழு உருவம் பெற்றது 1964 பிப்ரவரியில் வந்த ‘காதலிக்க நேரமில்லை’யில். ஸ்ரீதர் இயக்கம், சித்ராலயா கோபுவின் நகைச்சுவை, ஈஸ்ட்மென் கலரில் ஏ. வின்சென்ட்டின் ஒளிப்பதிவு; விஸ்வநாதன் ராமமூர்த்தியின் இசை. எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனாக டி.எஸ். பாலையா. அவருக்கு இரண்டு மகள்கள், ஒரு மகன். வேலையிலிருந்து நீக்கப்பட்ட அசோக் (ரவிச்சந்திரன்), அவர் வீட்டு வாசலிலேயே போராட்டத்தில் இறங்கி, பிறகு அந்த மகள்களில் ஒருத்தியைக் காதலிக்கிறான். அவளை மணக்க, தான் பெரும் பணக்காரரின் மகன் என்று பொய் சொல்கிறான். அந்தப் பொய்க்கு உயிர் கொடுக்க நண்பன் வாசு (முத்துராமன்) நரைத்த தாடியோடு பணக்காரத் தந்தையாக வந்து சேர்கிறான். அந்த வாசு காதலிப்பதோ விஸ்வநாதனின் இன்னொரு மகளை.

பணக்காரத் தந்தை, இரண்டு மகள்கள், காதலுக்காக உருவாக்கப்பட்ட பொய்த்தந்தை, உண்மைத் தந்தை வந்து நிற்கும் குழப்பம் என்ற இதே அமைப்பு ஷேக்ஸ்பியரின் ‘தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ’விலும் இருக்கிறது. அவருக்கு அது, இத்தாலியக் கவிஞர் அரியோஸ்டோ 1509இல் எழுதிய நாடகத்திலிருந்து வந்தது. எங்கெல்லாம் திருமணத்தைத் தந்தைகள் பேசி முடிக்கிறார்களோ, அங்கெல்லாம் காதலனுக்கு முதலில் தேவைப்படுவது ஒரு தந்தை. அது இல்லாவிட்டால் வாடகைக்கு எடுக்க வேண்டும். ஒரே வகைக் குடும்ப அதிகாரம் நூற்றாண்டுகள் தாண்டியும் ஒரே வகைச் சிரிப்பைத் தோற்றுவிக்கிறது.

ஃப்ரை சொன்னதை பாலையாவைவிடச் சிறப்பாக நிரூபித்தவர் இல்லை. படத்தின் உண்மையான நாயகர் அவர்தான். ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் என்ற பெயரில் படமெடுக்கத் துடிக்கும் மகன் செல்லப்பா (நாகேஷ்) அவருக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியைத் தமிழர்கள் இன்றும் மறக்கவில்லை. நாகேஷ் குரலாலும் உடலாலும் சத்தங்களை எழுப்ப, பாலையாவின் முகம் மட்டும் பயத்தில் படிப்படியாக உறைகிறது. வீட்டின் பணப்பெட்டிச் சாவியை வைத்திருப்பவர், ஒரு செலவும் இல்லாத வெறும் கதையால் நடுங்குகிறார். மகனின் கையில் பணமில்லை, கற்பனை இருக்கிறது. அந்தக் கற்பனை முதலாளியை ஆட்டிவைக்கிறது. முழுப்படமும் செய்வதை அந்த ஒரு காட்சி சுருக்கிச் செய்துவிடுகிறது. தந்தையின் அதிகாரம், நம்பவைக்கத் தெரிந்த இளைஞர்களிடம் தோற்கிறது. தோற்றவர்மேல் நமக்குப் பகை வருவதில்லை, பாசமே வருகிறது.

ஆழியாறுப் பக்கத்து மலையும் நீரும் பின்னணியாக, ஊர்ச் சனம் குறைவாக இருக்கும் எஸ்டேட்டில் கதை நடப்பதும் தற்செயலல்ல. ஷேக்ஸ்பியரின் காட்டைப் போல, ஊர் விதிகள் தளர்ந்த இடம் காதலுக்குத் தேவைப்படுகிறது. இரண்டாண்டு கழித்து வந்த ‘அன்பே வா’வும் சிம்லாவுக்குப் போனது.

பணம் என்ற வசதியான தடை

விஸ்வநாதன் மாப்பிள்ளையிடம் பார்ப்பது பணம் ஒன்றைத்தான். குலம், கோத்திரம், சாதி பற்றிய பேச்சு கதையின் முடிச்சில் இல்லை. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை விட்டுவிடுவது தமிழகத்தில் நிகழ்ந்த பெரிய பொதுவாழ்வு மாற்றம். சுயமரியாதை இயக்கத்தின் அழுத்தமான சாதனை. சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு தரும் திருத்தத்தைச் சட்டமன்றம் 1967இல் நிறைவேற்றியது. பட்டமில்லாத பெயர்கள் திரைக்கதைக்கு ஒரு வசதியையும் தந்தன. சாதியைச் சொல்லாமலேயே ஒரு முழுக் குடும்பத்தையும் நம் முன் நிறுத்த முடிந்தது. அந்த இடத்தைப் பணம் எடுத்துக்கொண்டது.

பணம் நகைச்சுவைக்கு ஏற்ற தடை. அதைப் பொய்யாகக் காட்டலாம், ஒளிக்கலாம், ஒரே நாளில் சம்பாதித்ததாகக்கூடச் சொல்லலாம். ‘காதலிக்க நேரமில்லை’யில் ஏழை பணக்காரனாக நடிக்கிறான். ‘அன்பே வா’வில் எம்.ஜி.ஆரின் செல்வந்தன், தன் சொந்த மாளிகையிலேயே வாடகைக்கு இருப்பவனாக நடிக்கிறான். முதல் படத்தில் பொய் வெளிப்பட்ட பிறகும் ஏழை மாப்பிள்ளை ஏழையாகவே மணமேடை ஏறுகிறான் என்பதால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆனால் பிறப்பைப் பணம்போல் மாற்றிக்காட்ட முடியாது. அதனால்தான் பிறப்பு குறுக்கே நிற்கும் கதைகளில் நகைச்சுவை தயங்குகிறது, அல்லது தொலைந்த மகளைத் தேடிக் கண்டுபிடிக்கிறது.

பாலாஜி சக்திவேலின் ‘காதல்’ (2004), மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) ஆகியவற்றை இந்தப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். ‘காதல்’ படத்தின் கதையை ஒரு வரியில் சொன்னால் அதுவும் காதல் நகைச்சுவைதான். வசதியான வீட்டுப் பெண் ஒரு மெக்கானிக்கை விரும்புகிறாள், தந்தை தடுக்கிறார். ஆனால் அந்தத் தந்தையைப் பேய்க்கதை சொல்லி மிரட்ட முடியாது, ஒட்டுத்தாடியோடு போய் ஏமாற்ற முடியாது. தடுப்பவரின் பின்னால் ஒரு சாதியே திரண்டு நிற்கும்போது கதை துன்பியலாகிவிடுகிறது. வயது வந்த இருவர் மனமொத்து மணப்பதற்குக் குடும்பத்தின் அனுமதியோ சமூகத்தின் அனுமதியோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சக்தி வாஹினி வழக்கில் சொன்னதும் இதே 2018இல்தான். அதைச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே, பாலையாவின் எஸ்டேட்டுக்கு வெளியே நாடு எப்படி இருந்தது என்பதற்குச் சான்று.

பெண்ணின் மறுப்பைத் தடையாக்கிய பிழை

தடையைத் தேர்ந்தெடுப்பதில் தமிழ்த் திரை இன்னொரு பெரிய தவறும் செய்தது. தந்தையும் பணமும் பழசாகிப்போன காலத்தில், பெண்ணின் ‘வேண்டாம்’ என்ற சொல்லையே கடக்க வேண்டிய தடையாக்கியது. பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பது, பின்தொடர்வது, எண்ணைத் தேடிப் பிடிப்பது, நண்பர்கள் புடைசூழக் கேலி செய்வது எல்லாம் காதலின் தொடக்கமாகவும் நகைச்சுவையாகவும் பல ஆண்டுகள் காட்டப்பட்டன. அவள் களைத்துப்போய்ச் சம்மதிப்பது சுபமுடிவாயிற்று.

இது அறத்தின் குறை மட்டுமல்ல, கதைக்கலையின் குறையும்கூட. பியாட்ரிஸும் பெனடிக்கும் பேச்சில் சரிசமம். யார் வெல்வார் என்று தெரியாததால்தான் நமக்குச் சுவை. கலித்தொகைத் தலைவி கத்தவும் தெரிந்தவள், காப்பாற்றவும் தெரிந்தவள். முடிவு அவளிடம் இருக்கிறது. சாவித்திரியின் மேரியிடம் ஜெமினி கணேசன் படும் பாடுதான் ‘மிஸ்ஸியம்மா’வின் இன்பம். பெண்ணிடமிருந்து முடிவெடுக்கும் உரிமையைப் பறித்த கதையில் இரண்டு பேர் இல்லை, ஒரே ஆள்தான். ஒற்றை ஆளை வைத்துக் காதல் நகைச்சுவை எழுத முடியாது.

அண்மைக்காலப் படங்கள் இதிலிருந்து வெளியேற முயல்கின்றன. பாலாஜி மோகனின் ‘காதலில் சொதப்புவது எப்படி’ (2012) சேர்ந்தவர்கள் ஏன் பிரிகிறார்கள் என்று கேட்டது. பிரதீப் ரங்கநாதனின் ‘லவ் டுடே’யில் (2022) பழைய தந்தை புதிய உருவில் வருகிறார். பெண்ணின் தந்தையாக வரும் சத்யராஜ், காதலர்கள் இருவரும் ஒருநாள் கைப்பேசியை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை போடுகிறார். அவர் தடுக்கவே தேவையில்லை. ஒருவர் மற்றவரிடம் மறைத்தவை எல்லாம் கைப்பேசிக்குள் இருக்கின்றன. பழைய கதையில் ரகசியம் காதலர்களை இணைத்தது. இதில் ரகசியம் அவர்களுக்கு நடுவிலேயே இருக்கிறது. காதலித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள்தானா என்ற கேள்வியைப் பெருந்திரளான இளைஞர்கள் திரையரங்கில் சிரித்தபடி எதிர்கொண்டார்கள்.

வெளியே நின்ற தடைகள் உள்ளே வருகின்றன

2022 ஜூனில் விவேக் ஆத்ரேயா இயக்கிய ‘அன்டே சுந்தரானிகி’ என்ற தெலுங்குப் படம் வந்தது. தமிழில் ‘அடடே சுந்தரா’ என்ற பெயரில் வெளியானது. ஆசாரமான பிராமணக் குடும்பத்து சுந்தரும் கிறிஸ்தவக் குடும்பத்து லீலாவும் காதலர்கள். இரு வீட்டாரையும் சம்மதிக்கவைக்க ஆளுக்கொரு பெரும் பொய் சொல்கிறார்கள். பொய்யும் குழப்பமும் மரபுப்படியே நடக்கின்றன. ஆனால் லீலா கடைசிவரை லீலாதான். தொலைந்த மகள் யாரும் கிடைக்கவில்லை. தெலுங்குத் திரையில் மேரி மகாலட்சுமியாகி 67 ஆண்டுகள் கழித்து, சிறப்புத் திருமணச் சட்டம் திறந்த கதவு வழியாக ஒரு காதல் நகைச்சுவை சிரித்துக்கொண்டே நடந்து போயிற்று.

தமிழில் சாதியைச் சுற்றியும் அசைவு தெரிகிறது. பா. ரஞ்சித்தின் முதல் படம் ‘அட்டகத்தி’ (2012) சென்னையின் புறநகரில், அதுவரை திரை பெரும்பாலும் அவலமாகவே காட்டிய தலித் மக்களின் வாழ்விடத்தில், காதலில் திரும்பத் திரும்பச் சறுக்கும் ஒரு இளைஞனை வைத்துச் சிரிக்கவைத்தது. இந்த மக்களுக்குத் துன்பியல் மட்டுமே உரியது என்ற வழக்கத்தை அது உடைத்தது. சிரிப்பும் அசட்டுத்தனமும் காதல் தோல்வியும்கூட ஒரு உரிமைதான். தமிழரசன் பச்சமுத்துவின் ‘லப்பர் பந்து’ (2024) இன்னொரு படி போனது. நாயகனும் அவன் விரும்பும் பெண்ணின் தந்தையும் ஊர்க் கிரிக்கெட் மைதானத்தில் எதிரிகள். மெனாண்டர் கண்டால் அடையாளம் கண்டுகொள்ளும் அமைப்பு. ஆனால் யாரை அணியில் சேர்ப்பது, யாரை வெளியே நிறுத்துவது என்ற இடத்திலேயே சாதி பேசப்படுகிறது. தடை மறைக்கப்படவில்லை, அதன் நடுவிலும் படம் சிரிப்பைக் கைவிடவில்லை.

இதை நான் மிக முக்கியமான மாற்றமாகக் கருதுகிறேன். துன்பியல் அநீதியைக் காட்டி நம்மை அழவைக்கிறது. அந்தப் பணி தேவையானது. ஆனால் அழுகை முடிந்ததும் தடுப்பவர் அதே அதிகாரத்தோடு, சில வேளை கூடுதல் கம்பீரத்தோடு நிற்கிறார். நகைச்சுவை செய்வது வேறு. தடுப்பவர் எவ்வளவு சிறியவர், அவர் காக்கும் விதி எவ்வளவு பொருளற்றது என்பதைப் பலர் கூடியிருக்கும் அரங்கில் வெளிச்சமாக்குகிறது. பிறகு அவரையும் மாற்றிப் பந்தியில் சேர்க்கிறது. ஒரு விதியைப் பார்த்து மக்கள் கூடிச் சிரிக்கத் தொடங்கிவிட்டால் அந்த விதியின் ஆயுள் குறையத் தொடங்கிவிட்டது என்றே பொருள். தந்தையின் அதிகாரத்தை நினைத்துச் சிரிக்க 1964இல் நாம் கற்றுக்கொண்டோம். பணத்திமிரைப் பார்த்தும் சிரித்துவிட்டோம். சாதியைக் காக்கும் பெரியவரை நேமோனைப் போலக் கிணற்றில் தவிக்கவைத்து, மனம் மாற்றி, பேரப்பிள்ளையைக் கையில் கொடுத்து அனுப்பும் கதைகள் இன்னும் நிறைய வர வேண்டும். அவற்றை எழுதுவதற்குத் துன்பியல் எழுதுவதைவிட அதிகத் துணிவு வேண்டும். ஏனென்றால் அந்தக் கதாசிரியர், மாற்றம் நடக்கும் என்று முதலில் தாமே நம்ப வேண்டியிருக்கிறது.